வரிசையில் நின்ற மணிநேரங்களுக்கு ஒரு கட்டம்: வேலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், தொழிலாளர் ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் வேலூரில் வசிப்பவன். எங்கள் மாவட்டம் வடார்க்காடு என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1979இல், ஒரு லாரியில் கிளீனராக ஏறினேன். 1984 முதல் ஓட்டுநர். 1998இல் இடுப்பு ஒத்துழைக்காமல் போகவே, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இதே வட்டாரத்தில் ஒரு லாரி நிறுவனத்தில் கணக்கெழுத உட்கார்ந்தேன். 2019இல் அந்த நாற்காலியையும் விட்டேன். ஓட்டிய காலத்தில் என் வேலை நேரத்தை வேறொருவர் பதிவேட்டில் எழுதினார். உட்கார்ந்த காலத்தில் மற்றவர்களுடைய நேரத்தை நான் எழுதினேன். இருவரும் எழுதியது பொய். அந்தப் பொய்யைப் பற்றியும், அது எந்த இடத்தில் பிறந்தது என்பதைப் பற்றியும் சொல்லத்தான் இந்த மடல்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. விமானிகளுக்கு இருப்பதுபோல லாரி ஓட்டுநர்களுக்கும் நேர வரம்பு வேண்டும், கண் அசந்தால் கண்டுபிடிக்கும் கருவியை வண்டியில் பொருத்த வேண்டும் என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2021 செப்டம்பரில் சொன்னார். கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கின் தொடர்ச்சியாக, ஓட்டுநர்களின் வேலை நேர விதிகளை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று எல்லா மாநிலங்களோடும் கூடிப் பேசும்படி ஒன்றிய அரசுக்கு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே இன்றோ நாளையோ, காகிதப் பதிவேட்டின் இடத்துக்கு ஒரு கருவி வரும். அதில் என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும் என்று உங்கள் அலுவலகங்களில் யாரோ ஒருவர் வரைவு எழுதுவார். அந்த வரைவில், வண்டி ஓடாமல் லோடுக்காகவோ இறக்கத்துக்காகவோ காத்து நிற்கும் நேரத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் வேண்டும், அந்த நேரத்தை ஓய்வு என்று கணக்கிடக் கூடாது. நான் கேட்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைக் கேட்கும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதற்கான விளக்கம்.

பதிவேட்டை நாங்கள் எப்படி எழுதினோம் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீள வாக்கில் திறக்கும் பெரிய புத்தகம் அது. பக்கத்துக்கு ஒரு மாதம், இடப்பக்கம் ஓட்டுநர் பெயர்கள், மேலே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை அச்சடித்த தேதிகள். தொழிலாளர் துறை ஆய்வாளர் வரப்போகிறார் என்று தகவல் வந்ததும், அதுவரை வெறுமையாகக் கிடந்த மூன்று நான்கு மாதங்களை ஒரே உட்காரலில் நிரப்ப வேண்டும். தொடக்கம் காலை 8.00, இடைவேளை 12.30 முதல் 1.00 வரை, முடிவு மாலை 4.30. எல்லா ஓட்டுநருக்கும் இதே நேரம்தான். புனேயில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவருக்கும் இதே, அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தவருக்கும் இதே. ஒரே மையில் எழுதினால் ஒரே நாளில் எழுதியது என்று தெரிந்துவிடும் என்பதால் என் மேசையில் மூன்று பேனாக்கள் இருந்தன. வாரத்துக்கு வாரம் பேனாவை மாற்றுவேன். கையெழுத்துக் கட்டத்தில் ஓட்டுநர்கள் முன்கூட்டியே வரிசையாகப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். பேட்டா வாங்க வரும்போது, நான் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவேன், அவர்கள் எதுவும் படிக்காமல் போடுவார்கள். "இன்னாணா, உன் புக்குல நான் நல்லாத் தூங்கறேனா?" என்று கேட்டுக்கொண்டே போட்டவர்கள் உண்டு.

ஒருமுறை அச்சடித்த கட்டம் முப்பத்தொன்று வரை இருக்கிறதே என்று ஜூன் மாதத்தையும் முப்பத்தொன்று வரை நிரப்பிவிட்டேன். வந்த ஆய்வாளர் நல்ல மனிதர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஜூனுக்கு உங்க ஊர்ல முப்பத்தோரு நாளா?" என்று மட்டும் கேட்டார். நான் அந்த வரிசையைச் சிவப்பு மையால் அடித்தேன். அவர் கீழே கையெழுத்திட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். முப்பதாம் தேதி வரை இருந்தது உண்மையா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாங்கள் ஏன் அப்படி எழுதினோம் என்று கேட்டால், முதலாளியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் நகர்ந்துகொள்ள முடியும். ஆனால் சட்டத்தைப் பின்னாளில் உட்கார்ந்து படித்தபோது, வேர் அதற்குள்ளேயே கொஞ்சம் ஓடியிருப்பதைப் பார்த்தேன். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. நெடுந்தூர வழித்தடங்களில் அனுமதி பெற்று நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம் என்றது. 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு கட்டாயம் என்றது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை 12 மணியைத் தாண்டக் கூடாது என்றது. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் 'வேலை நேரம்' என்பதற்கு அது தந்த விளக்கத்தில், வண்டி ஓடும் நேரத்து வேலையும் அதைச் சார்ந்த துணை வேலைகளும் சேரும். முனையங்களில் வெறுமனே காத்திருப்பது 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் சேரும். 15 நிமிடத்துக்கு மேலே காத்திருந்தால்? அது வேலை நேரத்துக்குள் வராது.

பேருந்துகளுக்கு அந்த 15 நிமிடம் பொருந்தும். நிலையத்தில் வண்டியை நிறுத்தி, நேரக்காப்பாளரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு டீ குடித்தால் கால் மணி நேரம் போய்விடும். அதற்கு மேல் நின்றால் ஓட்டுநர் ஓய்வறையில் கால் நீட்டலாம். லாரிக்கு முனையம் என்று எதைச் சொல்வது? குடோன் வாசலையா, துறைமுகத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் சாலையோரம் நிற்கும் வரிசையையா? எங்கள் கணக்கில் 15 நிமிடத்தில் லோடு ஏறிய நாள் ஒன்றுகூட இல்லை. மேல்விஷாரத்துக்கும் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் தோல் பதனிடும் சரக்கு கொண்டுபோனால், தொட்டி காலியாகும் வரை நிற்க வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட்டில் எடை மேடையில் ஆள் வரும் வரை நிற்க வேண்டும். ஆரணியில் அரிசி மூட்டை ஏற்ற லோடுமேன்கள் சாப்பிட்டுவிட்டு வரும் வரை நிற்க வேண்டும். இவையெல்லாம் சிறிய நிற்றல்கள், நாங்கள் பொருட்படுத்தியதில்லை. வெளியூர் ஆலைகளிலும் துறைமுகங்களிலும் நின்றதுதான் நிற்றல்.

அந்த வரிசையில் நிற்பதை, அதில் நின்றிராதவர்கள் ஓய்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். வண்டி நிற்கிறது, ஓட்டுநர் உள்ளே இருக்கிறார், படுத்துத் தூங்கலாமே? வரிசை இருபது நிமிடத்துக்கோ அரை மணிக்கோ ஒருமுறை ஒரு லாரி நீளம் நகரும். நகரும்போது நகராவிட்டால் பின்னாலிருப்பவன் ஹாரனை அமுக்கிப் பிடிப்பான். அதற்கும் எழாவிட்டால் வளைத்துக்கொண்டு முன்னால் போய்விடுவான். இடம் போய்விட்டால் இன்னொரு நாள் ஆகும். கிளீனருக்கு உரிமம் இல்லை. அவனிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடவும் முடியாது, கொடுத்தவர்கள் இருந்தாலும் அது தனிக் குற்றம். ஆகவே என்ஜினை அணைத்து, மறுபடி கிளப்பி, ஒரு லாரி நீளம் போய், மறுபடி அணைத்து, இப்படி இரவு முழுவதும். தார்ப்பாயைத் திருடர்களிடமிருந்தும், டீசல் டேங்கை உறிஞ்சுபவர்களிடமிருந்தும் காக்க வேண்டும். குளிக்க இடம் இல்லை. வெளிக்குப் போக முள்செடி மறைவு. ஓட்டும்போது வராத அலுப்பு இந்த நிற்றலில் வரும் என்பதை எந்த லாரிக்காரரும் சொல்லுவார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவில் இதற்கு நேர் எதிரான ஓர் ஏற்பாடு இருக்கிறது. வேலையில் ஈடுபடாவிட்டாலும் வண்டியிலோ வண்டிக்கு அருகிலோ இருக்க வேண்டியிருக்கும் நேரத்தை, எந்தச் சூழ்நிலைகளில் ஓய்வு இடைவேளையாகக் கருதலாம் என்று மாநில அரசு விதி வகுக்கலாம் என்கிறது அதன் 5ஆம் உட்பிரிவு. 3ஆம் உட்பிரிவு இன்னும் வேடிக்கையானது. ஓட்டுநர்களின் வேலை நேரத்தை முன்கூட்டியே நிர்ணயிக்கும்படி முதலாளிகளை மாநில அரசு கேட்கலாம், அப்படி நிர்ணயித்த நேரத்தைப் பதிவு செய்யவும் ஏற்பாடு செய்யலாம் என்கிறது. அதாவது இந்த உட்பிரிவு பதியச் சொல்வது நடந்ததை அல்ல, நடக்க வேண்டும் என்று முன்னமே முடிவு செய்ததை. இதை முதன்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியானால் மூன்று பேனாக்களோடு நான் எழுதிய 8.00 முதல் 4.30 வரை என்பது, ஒரு வகையில் சட்டத்தின் எழுத்துக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. சட்டத்தின் எண்ணத்துக்குத்தான் துரோகம் செய்திருக்கிறேன்.

உண்மையான நேரம் எங்குமே பதிவாகவில்லை என்றும் சொல்ல முடியாது. அது வேறு காகிதங்களில் சிதறிக் கிடந்தது. காட்பாடி வழியாகச் சித்தூருக்குப் போகும்போது கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டில் குத்திய முத்திரையில் தேதியும் நேரமும் இருக்கும். டீசல் பில்லில் இருக்கும். எடை மேடைச் சீட்டில் நிமிடம் வரை இருக்கும். டிரிப் ஷீட்டில் ஓட்டுநர் கிறுக்கிய கிலோமீட்டர் கணக்கு இருக்கும். இவற்றையெல்லாம் அடுக்கி வைத்தால் ஒரு மனிதர் எப்போது தூங்கியிருக்க முடியும் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் டிரிப் முடிந்து கணக்கு நேர் செய்ததும் அந்தச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைப்போம். வருட முடிவில் பழைய பேப்பர்காரர் எடுத்துப் போவார். பதிவேட்டை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டுவோம்.

சில ஓட்டுநர்கள் தங்களுக்கென்று ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள். குடியாத்தம் பக்கத்துக்காரர் ஒருவர். எனக்கு மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். தீபாவளிக்கு நகைக்கடைகள் கொடுக்கும் கையடக்க டைரி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். வரிசையில் சேர்ந்த நேரம், கேட்டுக்குள் நுழைந்த நேரம், லோடு முடிந்த நேரம் என்று மூன்றையும் பென்சிலால் எழுதுவார். பேனா வெயிலில் கசிந்து பையைக் கெடுக்கும் என்பார். அவர் எழுதியது ஓய்வுக்காக அல்ல, ஹால்டிங் என்ற காத்திருப்புக் காசு கேட்பதற்காக. ஒரு நாளுக்கு மேல் நின்றால் பார்ட்டி, அதாவது சரக்குக்காரர், ஹால்டிங் காசு தர வேண்டும் என்பது பேச்சு. பார்ட்டி முதலாளிக்குக் கொடுத்தாலும் அதில் ஓட்டுநருக்கு வருவது முதலாளியின் மனம். எதற்காக எழுதினாலும், வடார்க்காட்டில் நான் பார்த்த ஒரே நேர்மையான வேலை நேரப் பதிவேடு அந்தப் பென்சில் டைரிதான்.

2004இல் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு 7.10க்கு அவர் சென்னைப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கின் வரிசையில் சேர்ந்தார். மறுநாள் மாலை 5.40க்குக் கேட். இரவு 9.15க்கு லோடு முடிந்தது. 26 மணி 5 நிமிடம். ஆம்பூரில் வியாழன் காலைக்குள் இறக்க வேண்டும் என்று பார்ட்டி சொல்லியிருந்ததால் உடனே கிளம்பினார். வாலாஜா தாண்டி, வேலூர் தாண்டி, பள்ளிகொண்டா நெருங்குகையில் விடியற்காலை 1.40க்குக் கண் அசந்துவிட்டது. பின்விளக்கு இல்லாமல் ஓரமாக நின்ற கரும்பு டிராக்டர் ஒன்றின் டிரெய்லரில் இடது பக்கம் மோதியது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தவன் கிளீனர். பையனுக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த மாதத்துப் பக்கத்தை நான் அடுத்த மாதம் நிரப்பினேன். வழக்கம்போல. செவ்வாய் 8.00 முதல் 4.30, புதன் 8.00 முதல் 4.30. விபத்து நடந்தது எனக்குத் தெரியும். அந்த வாரத்தை மட்டும் மாற்றி எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை, அவ்வளவு பழகிப்போயிருந்தது கை. பிறகு வழக்கு வந்தபோது, அதிக நேரம் வேலை வாங்கவில்லை என்று காட்ட நிறுவனத்தின் தரப்பில் அந்தப் பதிவேடு நீதிமன்றத்துக்குப் போனது. புதன் மாலை 4.30க்கு வேலை முடித்துவிட்டு ஓய்வெடுத்தவர் நள்ளிரவுக்குப் பிறகு தானாக வண்டியை எடுத்தாரா, ஓய்வெடுத்தவர் எப்படித் தூங்கினார் என்று அவரிடம் கேட்டார்கள். அண்ணா டைரியை எடுத்து நீட்டினார். அதில் கேட்டில் இருந்தவர்களின் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. பென்சில் எழுத்து, அவரே எழுதியது, யாரும் சாட்சி இல்லை. என் மூன்று பேனாக்களும் வரிசையான கையெழுத்துகளும் நின்றன. அவருடைய பென்சில் நிற்கவில்லை. அலட்சியமாக ஓட்டியதாக முடிவாயிற்று. அவர் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் குறை சொல்லிப் பேசியதில்லை. நானாகப் போய்ச் சொன்னபோது, "நீ எழுதலன்னா வேற ஒருத்தன் எழுதியிருப்பான், விடு" என்றார். அதை நான் விடவில்லை என்பதற்கு இந்த மடல் சான்று.

காகிதத்தில் மட்டும் இருந்த இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் படுத்துத் தூங்க இருக்கைக்குப் பின்னால் முழு அகலத்துக்கு ஒரு படுக்கை இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லின. படுக்கை இருந்தது. இரண்டாவது ஓட்டுநர் உரிமத்தின் ஜெராக்ஸ் வடிவில் டேஷ்போர்டில் இருந்தார். யாராவது தணிக்கையில் கேட்டால், டீ குடிக்கப் போயிருக்கிறார் என்போம். எங்கள் அலுவலகத்தில் ஒரே ஆளின் ஜெராக்ஸ் ஏழு வண்டிகளில் ஒரே நேரத்தில் இந்தியா முழுவதும் போய்க்கொண்டிருந்தது. 2018இல் ஃபாஸ்டேகும் கண்காணிப்புக் கருவியும் இருந்தால் ஒரே ஓட்டுநர் போதும் என்று அந்த விதியைத் தளர்த்தினார்கள். இல்லாதவரை விதியிலிருந்தும் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் மனிதனின் இடத்தைக் கருவியால் நிரப்பலாம் என்ற எண்ணம் அங்கே எழுத்தில் வந்துவிட்டதால், அடுத்து வரும் கருவியைப் பற்றிக் கவலை அதிகமாகிறது.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள் என்பதில் எனக்கு நேரில் தெரிந்தது ஒன்றுதான். பேரணாம்பட்டுக்காரர் ஒருவர், சவூதியில் பல வருடம் டிரெய்லர் ஓட்டியவர், ஊருக்கு வந்தபோது மெழுகு பூசிய ஒரு வட்டக் காகிதத்தை எனக்குக் காட்டினார். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. ஓரத்தில் 24 மணிகள் சுற்றி அச்சடித்திருந்தன. ஐரோப்பாவில் செய்த அந்த லாரியின் ஸ்பீடாமீட்டரைச் சாவி போட்டுத் திறந்து அதன் பின்னால் இந்தத் தட்டைச் செருகுவார்களாம். டேகோகிராஃப் என்று பெயர். வண்டி ஓடினால் ஓர் ஊசி அந்த மெழுகில் வேகத்தைக் கீறிக்கொண்டே போகும். "இது பொய் சொல்லாது பாய்" என்றார் பெருமையாக. நான் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். மதியம் முதல் இரவு வரை வேகக் கோடு அடியோடு படுத்திருந்தது. அப்போது தூங்கினீர்களா என்றேன். இல்லை, துறைமுகத்தில் கன்டெய்னருக்கு நின்றோம் என்றார். வண்டி நிற்கும்போது ஓட்டுநர் என்ன செய்கிறார் என்று காட்ட அந்தக் கருவியில் ஒரு திருகு உண்டு: கட்டில் படம் ஓய்வுக்கு, குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல் மற்ற வேலைக்கு. அவர் அந்தத் திருகைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு வாழ்நாளில் தொட்டதே இல்லை. மெழுகு பொய் சொல்லாது. கட்டிலில் வைத்த திருகு சொல்லும்.

அமெரிக்காவின் பழைய காகிதப் பதிவில் 24 மணிக் கட்டத்தின் குறுக்கே நான்கு கோடுகள் இருந்தன: பணியில் இல்லை, படுக்கையில், ஓட்டுகிறேன், ஓட்டவில்லை ஆனால் பணியில் இருக்கிறேன். அங்கேயும் புளுகினார்கள், அந்தப் புத்தகத்தை ஓட்டுநர்களே படக்கதைப் புத்தகம் என்று கேலி செய்தார்கள். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலானவர்களுக்கு மின்னணுக் கருவி கட்டாயமானது. ஆனால் நான்காவது கோட்டைக் கருவியிலும் எடுத்துவிடவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. 14 மணி நேரத்துக்குள் 11 மணி ஓட்டலாம் என்பது அங்கே விதி. கிடங்கில் நின்ற நேரம் அந்த 14 மணியைத் தின்றுவிடுவதால், மிச்சத்தில் விரட்டிக்கொண்டு போகிறார்கள் என்ற குறையும் அங்கே உண்டு. நிற்கும் நேரத்தை அளந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்லவில்லை. அளக்காத ஊரில் அந்தக் குறையைப் பேசக்கூட முடியாது.

நம் ஊரில் அளவு ஏற்கெனவே நடக்கிறது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். பள்ளிகொண்டா டோல்கேட்டை வண்டி கடந்த உடனே ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி முதலாளியின் செல்பேசிக்குப் போகிறது. ஜிபிஎஸ் புள்ளி கணினித் திரையில் நகர்கிறது. சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லுக்குக் காலாவதி உண்டு. 2021 ஜனவரி முதல் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு, அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். சரக்கு எப்போது சேர வேண்டும் என்பதை அரசு கிலோமீட்டர் போட்டுக் கணக்கிட்டுவிட்டது, அதைக் கொண்டுபோகிறவர் எப்போது தூங்க வேண்டும் என்பதை இன்னும் 8.00 முதல் 4.30 வரை என்ற புத்தகத்தில் வைத்திருக்கிறது. இந்தப் பதிவுகள் எதுவும் ஓட்டுநரின் கைக்கு வருவதில்லை. விபத்து நடந்து, அவர் எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார் என்று கேள்வி வந்தால், பதில் வேறொருவரின் செல்பேசியில் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள். 91ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவின் கீழ் விதி வகுக்கும்போது, லோடு ஏற்றவோ இறக்கவோ வரிசையில் நிற்கும் நேரம் எக்காரணத்தாலும் ஓய்வு இடைவேளை ஆகாது என்று எழுதுங்கள். வண்டியை விட்டுப் போகவும் படுக்கவும் ஓட்டுநருக்கு உரிமை இருக்கும்போது மட்டும் அது ஓய்வு. 3ஆம் உட்பிரிவின் கீழ்ப் பதிவைக் கேட்கும்போது, முன்கூட்டி நிர்ணயித்த நேரத்தோடு, நடந்த நேரத்தையும் கேளுங்கள். வண்டி வந்த நேரம், வாசலில் நுழைந்த நேரம், வெளியேறிய நேரம் ஆகிய மூன்றிலும், நிறுத்தி வைத்தவரின், அதாவது கிடங்கு அல்லது ஆலை வாசலில் இருப்பவரின் ஒப்பம் இருக்கட்டும். காகிதமானால் கையெழுத்து, கருவியானால் அதற்கு ஈடான ஒன்று. அதன் ஒரு படி ஓட்டுநரிடம் அங்கேயே தரப்படட்டும். குடியாத்தத்து அண்ணாவின் டைரிக்கு இல்லாமல் போனது அந்த ஒரே ஒரு கையெழுத்துதான்.

இதில் வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நானே சொல்லியிருப்பேன். கிடங்குக்காரர் கையெழுத்துப் போட மாட்டார் என்பார்கள். சரக்கு சேதமில்லாமல் வந்தது என்று லாரி ரசீதின் பின்புறம் அவர் கையெழுத்துப் போடுகிறார். அதே இடத்தில் மணியைக் குறிப்பதில் அவர் பேனாவுக்கு மை அதிகம் செலவாகாது. அவர் போடத் தயங்குவது ஹால்டிங் காசுக்காகத்தான், அதற்கு ஒரு விதி இருந்தால் போதும். சிறு முதலாளிகளால் தாங்க முடியாது என்பார்கள். எங்கள் வட்டாரத்தில் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துத் தாமே ஓட்டுகிறவர்கள் ஏராளம் என்பது உண்மை. 1961 சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. அதைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தில் அந்த எண் பத்தாகியிருக்கிறது. அந்த 15 நிமிட வாசகமும் மாறாமல் கூடவே வந்திருக்கிறது. ஆனால் 91ஆம் பிரிவு போக்குவரத்து வாகனத்தை இயக்கும் எவரையும் பற்றிப் பேசுகிறது. அங்கே எண்ணிக்கை வரம்பு இல்லை. அதனால்தான் இந்தக் கோரிக்கையைத் தொழிலாளர் துறைக்கு மட்டும் எழுதாமல் போக்குவரத்துத் துறைக்கும் சேர்த்து எழுதுகிறேன். மேலும் சொந்த வண்டி ஓட்டும் சிறு முதலாளிதான் வரிசையில் அதிக நேரம் நிற்கிறார். பெரிய நிறுவனங்களின் வண்டிக்குப் பின்கதவு உண்டு.

விடியற்காலையில் நெடுஞ்சாலைகளில் காவலர்கள் லாரிகளை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி டீ கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன், நானும் குடித்திருக்கிறேன். அந்த டீ கொடுத்த கையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அந்த ஓட்டுநர் எத்தனை மணிக்கு எங்கே நின்றார் என்று கேட்பதற்கும் அவர்களிடம் ஒரு சீட்டு இருந்தால், சிலரை டீ கொடுத்து அனுப்பாமல் ஓரங்கட்டித் தூங்க வைத்திருப்பார்கள்.

குடியாத்தத்து அண்ணா இப்போது ஓட்டுவதில்லை. 1993 முதல் 2004 வரையான பன்னிரண்டு டைரிகளை என்னிடம் கொடுத்திருக்கிறார். 1999ஆம் ஆண்டினுடையதைக் கரையான் பாதி தின்றுவிட்டது. அவருடைய அனுமதியோடு, பெயரை மறைத்து, 2004 டைரியிலிருந்து அந்தச் செவ்வாய், புதன் பக்கங்களின் படியையும், அதே இரண்டு நாட்களுக்கு நான் எழுதிய பதிவேட்டு வரிசையை நினைவிலிருந்து எழுதிய தாளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். மூல டைரிகளைப் பார்க்க வேண்டுமென்றால் எந்த நாளில் அழைத்தாலும் கொண்டுவந்து காட்டுகிறேன். பென்சில் எழுத்து என்பதால் படியில் சில இடங்கள் மங்கியிருக்கின்றன. புதன்கிழமைப் பக்கத்தில் 5.40க்கு மேலே தெரியும் சொல் "மழை".

இப்படிக்கு,
முன்னாள் ஓட்டுநரும் கணக்கருமான ஒருவர்,
வேலூர்.